மலைக்குப் போகும் முதுகுப் பைக்கு கிரானோலா பார்: வாங்குவது, செய்வது, கெடாமல் கொண்டுபோவது

ஓட்ஸ், பாதாம் வேர்க்கடலை போன்ற பருப்பு, விதை, உலர்பழம் இவற்றைப் பாகில் பிணைத்து வெட்டிய துண்டுதான் கிரானோலா பார். அதன் செய்முறை என்று தேடினால் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் பெரும்பாலானவை பாரை வெட்டித் தட்டில் அடுக்கியதோடு முடிந்துவிடுகின்றன. அதே பார் முதுகுப் பையின் அடியில், தண்ணீர் பாட்டிலின் கனத்தில் நசுங்கி, உச்சி வெயிலில் ஐந்து மணி நேரம் கிடந்தால் என்ன ஆகும்? உறைபனிக் காலையில் கடித்தால் பல் தாங்குமா? விமான நிலையத்தில் பிடுங்கி வைத்துக்கொள்வார்களா? இவற்றுக்கெல்லாம் ஒரே இடத்தில் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடி, செய்து, பையில் போட்டு எடுத்துப்போய்த் தெரிந்துகொண்டதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். முதல்முறை மலையேற்றத்துக்கோ நீண்ட மிதிவண்டிப் பயணத்துக்கோ கிளம்புகிறவர்களை மனதில் வைத்து எழுதியது இது.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாரை முடிவு செய்வது ருசி அல்ல, போகிற இடத்து வெயிலும் குளிரும்தான். ஓட்ஸும் பருப்பும் எங்கேயும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அவற்றைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கும் பாகும் கொழுப்பும்தான் இடத்துக்கு இடம் மாறி நடக்கும். இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் கடையில் எதை எடுப்பது, வீட்டில் பாகை எவ்வளவு காய்ச்சுவது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

1. போகும் இடம் சூடா, குளிரா, ஈரமா?

பயண நாள்களுக்கான வானிலை அறிவிப்பைத் திறந்து மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: பகலின் உச்ச வெப்பநிலை, இரவின் குறைந்த வெப்பநிலை, காற்றின் ஈரப்பதம். அறிவிப்பு அடிவாரத்து ஊருக்கானதாக இருந்தால், ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 6.5 டிகிரி செல்சியஸைக் கழித்துக்கொள்ளுங்கள்.

வெயில் இடம் என்றால் சாக்லேட் பூசியதைத் தொடாதீர்கள். சாக்லேட்டில் உள்ள கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியிலேயே உருகிவிடும். வெயில் படும் பைக்குள் அந்தச் சூடு சீக்கிரமே ஏறிவிடும். அடுப்பே வேண்டாம், ஃபிரிட்ஜில் வைத்து இறுக்கினால் போதும் என்று சொல்லும் செய்முறைகளிலும் கவனமாக இருங்கள். அவற்றில் பல தேங்காய் எண்ணெயை நம்பி நிற்பவை. அது 24 டிகிரிக்கு மேல் திரவமாகிவிடும். பார் மறுபடி உதிரிக் கலவையாகிப் பைக்குள் பரவும்.

குளிர் இடத்தில் நேர்மாறான சிக்கல். பாகு இறுகும், வெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கெட்டிப்படும். அறை வெப்பத்தில் மெத்தென்று இருந்த பார் உறைநிலையில் கடிக்க முடியாதபடி ஆகிவிடும். புரதம் மிகுந்த பார்களில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். பல்லில் அடைப்பு வைத்திருப்பவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மழை, மூடுபனி, கடலோரம் என்றால் தேனின் குணத்தை நினைவில் வையுங்கள். தேனில் பிரக்டோஸ் அதிகம். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். காய்ந்த ஊரில் பார் நாள்கணக்கில் மெத்தென்று இருக்க உதவும் இதே குணம், ஈரமான ஊரில் அதைப் பிசுபிசுக்க வைக்கும்.

2. எத்தனை பார் எடுப்பது?

பையைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறினால் உடல் எடை, சுமை, சரிவு இவற்றைப் பொறுத்து மணிக்கு ஏறத்தாழ 300 முதல் 500 கலோரி செலவாகலாம். அத்தனையையும் நடக்கும்போதே ஈடுகட்ட வேண்டியதில்லை, முடியவும் முடியாது. நீண்ட நேர உழைப்புக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. கீழே நான் தரும் அளவில் செய்த ஒரு பாரில் சுமார் 30 கிராம் மாவுச்சத்து இருக்கும். ஆக, மணிக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது.

ஆறு மணி நேர நடை, நடுவில் மதியச் சாப்பாடு உண்டு என்றால் ஆளுக்கு நான்கு பார் போதும். அதோடு இரண்டு கூடுதலாக எடுங்கள். வழி தவறினாலோ யாருக்காவது கால் பிசகினாலோ திரும்பும் நேரம் தள்ளிப்போகும். அப்போது இந்த இரண்டுதான் கைகொடுக்கும். ஆறும் சேர்ந்து 330 கிராம்தான் வரும்.

பல நாள் பயணத்தில் எடைதான் பெரிய கவலை. அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது: பாரின் மொத்தக் கலோரியை அதன் எடையால் வகுங்கள். கிராமுக்கு 4க்குக் கீழே வந்தால் தேவையற்ற சுமையைத் தூக்குகிறீர்கள். 4.4க்கு மேல் என்றால் நல்ல பார். கொழுப்பு கிராமுக்கு 9 கலோரியும் மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரியும் தருவதால், பருப்பும் விதையும் கூடினால் இந்த எண் ஏறும். உலர்பழம் கூடினால் இறங்கும்.

3. வாங்குவதா, செய்வதா? செலவும் நேரமும்

ஒரே ஒரு நாள் பயணம், நாலைந்து பார் போதும் என்றால் வாங்கிவிடுங்கள். வீட்டில் செய்ய முதல்முறை இறங்கும்போது ஒரு புட்டி தேன், ஒரு பொட்டலம் ஓட்ஸ், இரண்டு மூன்று வகைப் பருப்பு, பேக்கிங் டின், பட்டர் பேப்பர் என்று எல்லாவற்றையும் முழுதாக வாங்கியாக வேண்டும். முதல் தட்டில் லாபம் தெரியாது. மிச்சப் பொருள்களை வைத்து இரண்டாவது, மூன்றாவது தட்டு போடும்போதுதான் கணக்கு உங்கள் பக்கம் சாயும். குடும்பமாகவோ குழுவாகவோ போகிறவர்களுக்கும், மாதம் ஒருமுறையாவது நடக்கப் போகிறவர்களுக்கும் செய்வதே மேல்.

விலையை ஒப்பிடும்போது ஒரு பாருக்கு எவ்வளவு என்று பார்க்காதீர்கள். 25 கிராம் பாரும் உண்டு, 70 கிராம் பாரும் உண்டு. 100 கலோரிக்கு என்ன விலை என்று பாருங்கள். வீட்டில் செய்யும்போது காசு போவது பெரும்பாலும் பருப்பில்தான்; ஓட்ஸ் மலிவு. பாதாமில் பாதிக்குப் பதில் அதே எடை வேர்க்கடலை போட்டால் செலவு நன்றாகக் குறையும். சக்தி குறையாது: 100 கிராமுக்குப் பாதாம் சுமார் 580 கலோரி, வேர்க்கடலை சுமார் 570.

நேரம்: கை வேலை அரை மணிக்கு மேல் போகாது. வறுக்கவும் சுடவும் முக்கால் மணி. ஆறுவதற்கு மட்டும் குறைந்தது மூன்று மணி நேரம் விட வேண்டும். கிளம்புவதற்கு முந்தின இரவு பத்து மணிக்கு ஆரம்பிக்காதீர்கள். ஆறாத பாரை வெட்டும்படி ஆகும், அது உதிரும். இரண்டு வாரம் முன்னால் ஒரு வெள்ளோட்டம், கிளம்புவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால் உண்மையான தட்டு. இப்படித் திட்டமிட்டால் பதற்றமே இல்லை.

4. கடையில் வாங்குகிறீர்களா? உறையைத் திருப்புங்கள்

முன்பக்கம் விளம்பரம். பின்பக்கத்தில் பார்க்க வேண்டியவை:

முதலாவது, பொருள்களின் வரிசை. எடையில் அதிகமானது முதலில் வரும் என்பது பெரும்பாலான நாடுகளில் சட்டம். ஓட்ஸோ பருப்போ முதலில் இருக்க வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், தேன், இன்வர்ட் சிரப், மால்டோடெக்ஸ்ட்ரின் என்று ஐந்தாகப் பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே போய்விடும். சேர்த்துக் கூட்டினால் அதுதான் முதலிடத்தில் நிற்கும். நடக்கும்போது சர்க்கரை கெடுதல் என்று சொல்லவில்லை, உடலுக்கு அப்போது அது தேவை. பருப்புக்கான விலையைக் கொடுத்துச் சர்க்கரையை வாங்கிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

இரண்டாவது, ‘ஒரு பரிமாறலுக்கு’ என்ற எண்ணை நம்பி ஒப்பிடாதீர்கள். சில உறைகளில் இரண்டு பார் சேர்ந்து ஒரு பரிமாறல். சிலவற்றில் அரைப் பார். 100 கிராமுக்கு என்ற கட்டம் இருந்தால் அதையே பாருங்கள்.

மூன்றாவது, ‘சர்க்கரை இல்லை’ என்று பெரிதாக அச்சிட்டிருந்தால் மால்டிட்டால், சார்பிட்டால் இருக்கிறதா என்று தேடுங்கள். இவை அதிகமாகப் போனால் வயிற்றைக் கலக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில், சேர்க்கப்பட்ட இந்த வகை இனிப்பூட்டிகள் 10 சதவீதத்தைத் தாண்டினால் மலமிளக்கும் என்ற எச்சரிக்கையை உறையில் போட்டே ஆக வேண்டும். ‘நார்ச்சத்து மிகுந்தது’ என்று வரும் பார்களில் சிக்கரி வேரிலிருந்து எடுக்கும் இன்யூலின் இருக்கும். பழக்கமில்லாதவர்களுக்கு வயிறு உப்பிசம் வரும். வீட்டிலென்றால் சமாளித்துக்கொள்ளலாம். கழிப்பறை இல்லாத மலைப்பாதையில் இது நாளையே பாழாக்கிவிடும்.

நான்காவது, ஒவ்வாமைக் குறிப்பு. அமெரிக்காவில் 2023 முதல் எள்ளும் கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒன்பதாவது பொருளாகச் சேர்ந்திருக்கிறது. அங்கே அச்சான பழைய உறையில் எள் தனியாகக் குறிக்கப்படாமல் இருக்கலாம். ‘தடயம் இருக்கலாம்’ என்ற வரியையும் தாண்டிப் போகாதீர்கள். குளூட்டன் என்ற பசையம் ஒவ்வாதவர்களுக்கு ஓட்ஸ் என்றாலே ஆகும் என்று எண்ண வேண்டாம். கோதுமை அரைக்கும் ஆலையிலேயே ஓட்ஸும் பதமாவது உண்டு. குளூட்டன் இல்லை என்று உறையில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

கடைசியாக, ஒரு பெட்டி முழுக்க வாங்குவதற்கு முன் ஒரே ஒரு பார் வாங்கித் தின்று பாருங்கள்.

5. செய்வதென்றால்: பொருளும் அளவும்

20 சென்டிமீட்டர் சதுர டின்னுக்கு, 12 பார் வரும் அளவு இது. கரண்டிக் கணக்கு வேண்டாம், தராசில் நிறுத்து எடுங்கள். பாருக்கு அளவு பிசகினால் பாகு போதாது, அல்லது மிஞ்சும்.

ரோல்டு ஓட்ஸ் (அவல்போலத் தட்டையாக்கியது) 200 கிராம்
பருப்பு வகை (பாதாம், வேர்க்கடலை, முந்திரி எதுவும்) 100 கிராம்
பூசணி, சூரியகாந்தி அல்லது எள் விதை 50 கிராம்
உலர்பழம் 75 கிராம்
தேன் 120 கிராம்
பழுப்புச் சர்க்கரை 40 கிராம்
பீனட் பட்டர் அல்லது பாதாம் விழுது 80 கிராம்
மணமில்லாத சமையல் எண்ணெய் 30 கிராம்
உப்பு அரைத் தேக்கரண்டி

மொத்தம் 700 கிராமுக்குச் சற்றுக் குறைவு, சுமார் 3,100 கலோரி. வறுபட்டு ஈரம் போனபின் ஒவ்வொரு பாரும் ஏறத்தாழ 55 கிராம், 255 கலோரி வரும்.

உப்பைக் குறைக்காதீர்கள். வியர்வையில் சோடியம் போகிறது. போதாக்குறைக்கு, நாள் முழுக்க இனிப்பையே தின்றால் மதியத்துக்குள் திகட்டிவிடும். உப்புச் சற்றுத் தூக்கலாக இருக்கும் பார்தான் நான்காவது மணியிலும் இறங்குகிறது.

ஓட்ஸில் வகை முக்கியம். தானியத்தைத் துண்டு துண்டாக வெட்டிய ஸ்டீல் கட் ஓட்ஸ் பாரில் வேகாது, பல்லில் கல்லாகத் தட்டுப்படும். இன்ஸ்டன்ட் ஓட்ஸ் நன்றாக ஒட்டும், ஆனால் மாவு மாவென்று ஆகிவிடும். ரோல்டு ஓட்ஸ்தான் சரி. அதில் 50 கிராமை மட்டும் மிக்ஸியில் ஒரு சுற்றுச் சுற்றிக் குருணையாக்கிக்கொள்ளுங்கள். அது இடுக்குகளை நிரப்பும். உதிர்வது பெருமளவு நின்றுவிடும்.

பச்சைப் பழம், மசித்த வாழைப்பழம், ஆப்பிள் கூழ் போட்ட செய்முறைகள் வீட்டுச் சிற்றுண்டிக்கு நல்லவை, பயணத்துக்கு ஆகாது. அவற்றின் ஈரத்தில் இரண்டு மூன்று நாளில் பூஞ்சை பிடிக்கும். தேனிலும் உலர்பழத்திலும் இருக்கும் ஈரத்தை அவற்றின் சர்க்கரையே பிடித்து வைத்திருக்கிறது, கிருமிக்குக் கிடைக்காது. பார் ஃபிரிட்ஜ் இல்லாமல் பல நாள் தாங்குவதற்குக் காரணம் இதுதான். ஆகவே ஈரமுள்ள எதையும் சேர்க்காமல் இருப்பதே காப்பு.

ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் சேர்ந்த எதையும் கொடுக்கக் கூடாது. பாட்யூலிசம் என்ற நச்சுநோய் வரும் ஆபத்து இருக்கிறது. சுட்டாலும் அந்த ஆபத்து போகாது.

6. செய்முறை

ஓவனை 160 டிகிரிக்குச் சூடாக்குங்கள். ஓட்ஸ், நறுக்கிய பருப்பு, விதை மூன்றையும் தட்டில் பரப்பி 15 நிமிடம் வறுக்கவும். நடுவில் ஒருமுறை கிளறிவிடுங்கள். ஓவன் இல்லையென்றால் அடி கனமான வாணலியில் சிறு தீயில் கைவிடாமல் வறுக்கலாம். வாசனை எழுந்து, ஓட்ஸின் ஓரம் பொன்னிறமாகத் திரும்பினால் போதும். பருப்பை நறுக்கும்போது பட்டாணி அளவைத் தாண்ட வேண்டாம். முழுப் பாதாம் இருக்கும் இடத்தில்தான் பார் முதலில் விரிசல் விடும்.

உலர்பழத்தை வறுக்கக் கூடாது, கருகிக் கசக்கும். பொடியாக நறுக்கித் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பாகு. தேன், சர்க்கரை, எண்ணெய், உப்பு நான்கையும் சிறு பாத்திரத்தில் நடுத்தரத் தீயில் வையுங்கள். முதலில் ஓரங்களில் பெரிய குமிழ் வரும், அது கணக்கில்லை. பாத்திரம் முழுக்கச் சிறு குமிழாக நுரைத்து ஏறும்போதிலிருந்து நேரம் பாருங்கள். இரண்டு நிமிடம். வெப்பமானி இருந்தால் 115 டிகிரி. இல்லையென்றால் ஒரு கிண்ணம் குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விடுங்கள். கரையாமல் அடியில் தங்கி, விரலால் சேர்த்தால் மெத்தென்று உருள வேண்டும். அதுதான் உருட்டுப் பதம். மிதமான பருவநிலைக்கு இது போதும்.

வெயில் இடத்துக்கு என்றால் இன்னும் ஒன்றிரண்டு நிமிடம் விட்டு 120 முதல் 125 டிகிரி வரை கொண்டுபோங்கள். உருண்டை கெட்டியாக நிற்கும். உறைகுளிருக்கு என்றால் உருட்டுப் பதத்துக்கு முன்பே, கொதி வந்த ஒரு நிமிடத்தில் இறக்கிவிட்டு எண்ணெயை 10 கிராம் கூட்டிக்கொள்ளுங்கள். சூரியகாந்தி போன்ற எண்ணெய் குளிரில் உறையாது, வெண்ணெய் உறையும்.

அடுப்பை அணைத்தபின் பீனட் பட்டரைப் போட்டுக் கலக்குங்கள். கொதிக்கும்போதே போட்டால் அடிபிடிக்கும். சூடாக இருக்கும்போதே ஓட்ஸ் கலவையில் கொட்டி, உலர்பழத்தையும் சேர்த்து, அடியிலிருந்து புரட்டிப் புரட்டிக் கலந்துவிடுங்கள். ஒவ்வொரு ஓட்ஸும் மினுமினுக்க வேண்டும். வெளிறிய ஓட்ஸ் ஒரு கைப்பிடி தெரிந்தாலும் அங்கே பார் உடையும்.

டின்னில் பட்டர் பேப்பரை இரண்டு பக்கமும் வெளியே தொங்கும்படி விரித்துக் கலவையைக் கொட்டுங்கள். இப்போதுதான் பாரின் தலைவிதி தீர்மானமாகிறது: அழுத்துவது. மேலே இன்னொரு பட்டர் பேப்பரைப் போட்டு, தட்டையான அடியுள்ள டம்ளரால் மூலையிலிருந்து தொடங்கி அழுத்துங்கள். லேசாகத் தட்டிவிட்டுப் போகாதீர்கள். உள்ளங்கையை டம்ளர் மேல் வைத்து, உடல் எடையைச் சாய்த்து, ஒவ்வொரு இடத்திலும் சில நொடி நிறுத்துங்கள். தொடக்கத்தில் கலவை நெறுநெறுவென்று சத்தம் போடும், டம்ளருக்கு அடியில் நகரும். இரண்டாவது சுற்றில் சத்தம் குறையும். மூன்றாவது சுற்றில் டம்ளர் அமுங்காமல் அப்படியே நிற்கும். விரலால் சுண்டினால் மேற்பரப்பு பலகைபோல ஒலிக்கும். அதுவரை விடாதீர்கள். நான்கு மூலைகளும் ஓரங்களும்தான் எல்லோருக்கும் விட்டுப்போகும் இடம்.

150 டிகிரியில் 20 நிமிடம் சுடுங்கள். வெயில் இடத்துக்கு 25 நிமிடம். ஓரம் நன்றாகப் பொன்னிறமாக வேண்டும். நடுப்பகுதி வெளியே எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால் இறுகும். எடுத்த சூட்டோடு டம்ளரால் இன்னொரு முறை அழுத்துங்கள்.

டின்னிலேயே முழுதாக ஆறவிடுங்கள். தொட்டால் சூடு தெரியாதது மட்டும் போதாது. டின்னின் அடிப்பக்கமும் குளிர்ந்திருக்க வேண்டும். பிறகு பேப்பரோடு தூக்கி, பலகையில் வைத்து, நீளமான கத்தியை மேலிருந்து நேராக இறக்கி வெட்டுங்கள். ரம்பம்போல இழுத்தால் ஓரம் உதிரும். குளிர் இடத்துக்குப் போகும் பாரை ஒரு சென்டிமீட்டர் பருமனுக்கு மேல் விடாமல், பெரிய டின்னில் பரப்பிச் சிறு துண்டுகளாகப் போடுங்கள். கடிக்காமல் வாயில் போட்டுக் கரைக்கலாம். மெல்லியதாகப் பரப்பினால் சுடும் நேரத்தையும் ஐந்து நிமிடம் குறையுங்கள்.

7. சரியாக வரவில்லையா?

உதிர்கிறது: பெரும்பாலும் அழுத்தம் போதவில்லை, அல்லது ஆறுமுன் வெட்டியிருக்கிறீர்கள். இரண்டும் சரியாகச் செய்தும் உதிர்ந்தால் அடுத்த முறை தேனை 15 கிராம் கூட்டுங்கள்.

கல்லாக இருக்கிறது: பாகு முற்றிவிட்டது. சுடும் நேரத்தைக் குறைப்பதற்கு முன் பாகின் நேரத்தைக் குறையுங்கள்.

ஒட்டுகிறது, வளைகிறது: பாகு இளசு. இதே தட்டைக் காப்பாற்றலாம். வெட்டிய பார்களை இடைவெளி விட்டு அடுக்கி 140 டிகிரியில் 8 முதல் 10 நிமிடம் சுட்டு ஆறவிடுங்கள்.

உதிர்ந்துபோன தட்டை எறிய வேண்டாம். ஜிப் பையில் போட்டுக் கைப்பிடி கைப்பிடியாகத் தின்னலாம், சக்தி அதேதான்.

8. கிளம்புமுன் சோதனை

வெள்ளோட்டத் தட்டிலிருந்து மூன்று பார்களை எடுங்கள். ஒன்றை இரவு முழுக்க ஃப்ரீசரில் வைத்து, காலையில் எடுத்தவுடன் கடித்துப் பாருங்கள். இன்னொன்றைச் சுற்றி, முதுகுப் பையின் அடியில் போட்டு, மேலே தண்ணீர் பாட்டிலை வைத்து, பையை வெயிலில் மதியம் முழுக்க விடுங்கள். மூன்றாவதை ஒரு மணி நேர நடையின் நடுவே தண்ணீர் குடிக்காமல் சாப்பிட்டுப் பாருங்கள். தொண்டையில் அடைத்தால் உலர்பழத்தைச் சற்றுக் கூட்டி ஓட்ஸைக் குறைக்க வேண்டும். போகும் இடத்துக்குத் தேவையான சோதனையில் பார் தேறிவிட்டால் அதே அளவை மாற்றாமல் செய்யுங்கள். கடைசி நேரத்தில் புதுப் பொருள் சேர்க்கும் ஆசை வரும், வேண்டாம்.

9. சுற்றுவதும் சேமிப்பதும்

ஒவ்வொரு பாரையும் தனித்தனியே பட்டர் பேப்பரில் இறுக்கிச் சுற்றி, எல்லாவற்றையும் ஒரு ஜிப் பையில் காற்றை வெளியேற்றிப் போடுங்கள். கையுறையோடு பிரிக்க முடிகிறதா என்று பாருங்கள். குளிரில் டேப் ஒட்டிய உறை பெரும் தொல்லை.

அறை வெப்பத்தில் ஒரு வாரம், ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று வாரம், ஃப்ரீசரில் இரண்டு மூன்று மாதம் தாங்கும். முதலில் கெடுவது பருப்பின் எண்ணெய்தான்: சிக்கு வாடை அடிக்கும், நாக்கின் பின்பக்கம் கசக்கும். வால்நட்டும் ஆளி விதையும் சீக்கிரம் சிக்குப் பிடிக்கும். நீண்ட பயணத்துக்குத் தவிர்க்கலாம். கடைப் பாரில் ‘பெஸ்ட் பிஃபோர்’ தேதி தரத்துக்கானது. ‘யூஸ் பை’ தேதி பாதுகாப்புக்கானது. இரண்டாவதைத் தாண்டியதைத் தொடாதீர்கள்.

10. ஆவணம், அனுமதி, எல்லை

வீட்டில் செய்த பாருக்கு லேபிள் கிடையாது. ஆகவே நீங்களே ஒரு துண்டுச் சீட்டில் பொருள்கள் அனைத்தையும், செய்த தேதியையும் எழுதிப் பைக்குள் போடுங்கள். குழுவில் பாரைப் பகிரும் முன் யாருக்கு எந்தப் பருப்பு ஆகாது என்று வாய்விட்டுக் கேளுங்கள். வேர்க்கடலை ஒவ்வாமை கடுமையாக இருக்கும் ஒருவர் வருகிறார் என்றால் அந்தப் பயணத்துக்கு யாருமே அதைக் கொண்டுவராமல் இருப்பதுதான் முறை. மருத்துவமனை மணிக்கணக்குத் தூரத்தில் இருக்கும்.

விமானத்தில் கெட்டியான பாரைக் கைப்பையில் கொண்டுபோவது பொதுவாகச் சிக்கலில்லை. பீனட் பட்டர் புட்டியும் தேன் புட்டியும் வேறு: பல விமான நிலையங்களில் அவை திரவம், ஜெல் கணக்கில் சேரும். 100 மில்லிக்கு மேல் இருந்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள். பெட்டியில் போட்டு அனுப்பிவிடுங்கள்.

நாட்டு எல்லையைக் கடந்தால் உணவு விதி வேறு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து இரண்டிலும் பையில் உணவு இருப்பதைப் பயணிகள் படிவத்தில் சொல்லியே ஆக வேண்டும். ஒற்றைப் பாராக இருந்தாலும் சரி. நியூசிலாந்தில் சொல்லாமல் மாட்டினால் அங்கேயே 400 டாலர் அபராதம். தேனுக்கு அங்கே மிகக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. சொல்லிவிட்டால் அதிகபட்சம் பாரை எடுத்துக்கொள்வார்கள். வெளிநாட்டுப் பயணத்துக்கு, உறை பிரிக்காத கடைப் பாரே நல்லது. பொருள் பட்டியல் அச்சில் இருப்பதால் அதிகாரி பார்த்து முடிவெடுக்க எளிது. போகும் நாட்டின் உயிரிப் பாதுகாப்புத் துறைத் தளத்தைக் கிளம்பும் வாரத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள், விதிகள் மாறும்.

காட்டில் இரவு தங்க அனுமதிச் சீட்டு எடுக்கும்போது உணவு வைக்கும் விதிகளையும் படியுங்கள். அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில், காட்டுப் பகுதியில் தங்குகிறவர்கள் கரடியால் திறக்க முடியாத உணவுப் பெட்டி வைத்திருப்பது கட்டாயம். பார் மட்டுமல்ல, பார் சுற்றிய தாள், பற்பசை என மணமுள்ள எல்லாமும் அதற்குள் போக வேண்டும். கரடி இல்லாத காட்டிலும் கூடாரத்துக்குள் பார் வைக்காதீர்கள். எலிக்கு மணம் போதும். பையை ஓட்டை போட்டுவிடும்.

11. பாதையில்

பசி எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள். அரை மணிக்கொரு முறை அரைப் பார், கூடவே தண்ணீர். பையின் உள்ளே புதைத்து வைத்தால் எடுக்கச் சோம்பல் வரும், பிறகு காலில் பலம் குறைவது தெரியும். அன்றைய பங்கை இடுப்புப் பட்டைப் பையில் வையுங்கள். குளிரில் அடுத்துச் சாப்பிடப் போகும் ஒன்றைச் சட்டையின் உள்பையில் போட்டுக்கொண்டால் உடல் சூட்டில் இளகியிருக்கும். உயரத்தில் பசி மந்தமாகும். இனிப்பே பிடிக்காமல் போகலாம். அதற்காகவே சர்க்கரையை 20 கிராம் குறைத்து, எள்ளும் உப்பும் சற்றுக் கூட்டி ஒரு தட்டு தனியாகச் செய்துகொள்ளுங்கள்.

நீரிழிவுக்கு இன்சுலின் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. இரத்தச் சர்க்கரை திடீரென இறங்கினால் இந்த பார் உதவாது. இதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். குளுக்கோஸ் மாத்திரையோ பழச்சாறோ தனியாகக் கையில் இருக்க வேண்டும். பார் அதற்குப் பிறகுதான்.

பிரித்த தாள், ஓரத்தில் கிழிந்த துணுக்கு உட்பட, காலி ஜிப் பையில் போட்டுத் திருப்பிக் கொண்டுவாருங்கள். மிஞ்சிய பாரை மறுபடி ஃப்ரீசரில் வைத்து அடுத்த பயணத்துக்கு எடுக்க வேண்டாம். நாள்கணக்கில் பையில் சூடும் குளிரும் பட்டது அது. வீடு வந்ததும் முகர்ந்து பார்த்து, வாடை இல்லையென்றால் உதிர்த்து, மறுநாள் காலை பாலில் போட்டுச் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.